நன்றி, அடுத்தவர்

ஸ்லேட் பெண்ட், ஓஹியோ
8 செப்டம்பர் 1996

அன்புள்ள பூசணி,

இங்கே எல்லோரும் சுகம், ஸ்டானின் முதுகைத் தவிர. இரும்பாலை மூடின அன்றே அதுவும் மூடிக்கொண்டது. உன் உடம்பு எப்படி? உன் பூனைக்கு இன்னும் மூக்கு ஒழுகுகிறதா?

நீ அனுப்பிய புத்தகப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. தபால்காரர் வாசலில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே, "என்ன வெல்மா, லைப்ரரியக் கொள்ளையடிச்சிட்டீங்களா?" என்றார். "இல்லப்பா, என் தங்கச்சி கையைத் தூக்கிட்டா, அதான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உன்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். மூன்றாம் வகுப்பில் கன்னியாஸ்திரி கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் மேலே போன கை உன்னுடையது. கரும்பலகை துடைக்கவா, செத்த எலியை எடுத்துப் போடவா என்றுகூடத் தெரியாமல்.

இந்த லைப்ரரியன் சங்கத்தில் நீ எத்தனை கமிட்டியில் இருந்துவிட்டாய். பேட்ஜ் குத்துகிற கமிட்டி, பலூன் கட்டுகிற கமிட்டி. போன வருஷம் தொண்டர்களை ஊக்கப்படுத்தும் கமிட்டிக்குத் தொண்டராகப் போனாய். துடைப்பத்தைப் பெருக்க ஒரு துடைப்பம் வாங்கின மாதிரி. இப்போது புத்தகம் தேர்ந்தெடுக்கிற கமிட்டி. சரி, அதிலாவது உட்கார நாற்காலி கொடுப்பார்கள்.

கோடையில் எடுத்த படங்களும் கிடைத்தன. வழக்கம்போல எல்லோருக்கும் புருவத்தோடு தலை முடிந்துவிட்டது. என் கல்யாண ஆல்பத்திலும் அதே கதிதான். யாராவது கேட்டால், எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நெற்றி கிடையாது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு விஷயம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், ஸ்டான் பேப்பரில் ஃபுட்பால் பக்கம் தாண்டாதவர். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவுக்குப் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படிக்கிறது. நேற்று ட்ரீனா சொன்னாள், "அம்மா, நானும் கார்லீன் சித்தி மாதிரி லைப்ரரியன் ஆகப்போறேன்."

"அதுக்கு நல்லாக் கையைத் தூக்கத் தெரியணும்டி" என்றேன். சிரித்தாள். நான் சமையலறைக்குப் போய்த் தட்டுகளைத் துடைத்தேன். துடைத்து வைத்திருந்த தட்டுகளையே.

பெட்டிகளை அனுப்பிக்கொண்டே இரு.

உன் வெல்மா


பிரேயர்டன், இண்டியானா
29 செப்டம்பர் 1996

அன்புள்ள வெல்மா,

நான் நலம். பூனையும் நலம். ஸ்டானை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல், கேட்கமாட்டார் என்று தெரியும்.

கிண்டல் முடிந்ததா? இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் பதினைந்து பேர். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக இந்த வருடம் வந்த நாவல்கள் அத்தனையும் படித்து, சிறந்தவற்றைப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நாடெங்கும் நூலகங்கள் வாங்குகின்றன. பதிப்பாளர்கள் அனுப்பும் பெட்டிகள் என் குளியலறை வரை வந்துவிட்டன. படித்து முடித்தவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். ட்ரீனாவும் பிள்ளைதானே.

குழுத் தலைவி மெரெடித் ஃபென்விக். அடுத்த வருடம் சிறந்த நாவலுக்குப் பதக்கம் கொடுக்கும் பதக்கக் குழுவுக்கு யார் தலைமை என்பதில் அவர் சொல்தான் எடுபடும். நான் பலூன் கட்டியது, பேட்ஜ் குத்தியது எல்லாம் அந்த ஒரு நாற்காலிக்காகத்தான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

ஜனவரி மாநாடு பிட்ஸ்பர்கில், உங்கள் ஊருக்குப் பக்கம். அதில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிள்ளைகளுக்கு. ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து, படித்த புத்தகத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசலாம். குழுவில் யாரும் மறுத்துப் பேசக்கூடாது, கேள்வியும் கேட்கக்கூடாது. "நன்றி, அடுத்தவர்" என்று மட்டும் தலைவி சொல்வார். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு பிள்ளைகள் பேசுவதைக் கேட்கும் கூட்டத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எனக்கு இந்தச் சங்கத்தில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

பிள்ளைகளைக் கூட்டிவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஆமாம், கையைத் தூக்கினேன். ட்ரீனாவையும் அவள் தோழிகளையும் அழைத்து வருவாயா?

அன்புடன்,
கார்லீன்


ஸ்லேட் பெண்ட்
17 நவம்பர் 1996

அன்புள்ள பூசணி,

எனக்குச் சளி, ஸ்டானுக்கு முதுகு, ட்ரீனாவுக்கு ஒன்றுமில்லை. உனக்கு?

கூட்டி வருகிறேன். பக்கத்து வீட்டு வேன் கிடைக்கும். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

நீ அனுப்பியதில் 'சாம்பல் ஆற்றின் மகள்' என்று ஒரு புத்தகம். நான் பியரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசையும்போது ட்ரீனா அதை உரக்கப் படித்தாள். நம் ஊர் மாதிரி ஆற்றங்கரையில் ஒரு ஊர், மூடிப்போன ஆலை. டெஸ் என்று ஒரு பெண். தலை நிறையப் பேன், பள்ளிக்கூடத்தில் ரொட்டி திருடுகிறாள். அவள் அம்மா யார் தெரியுமா, என்னைப் போலவே பள்ளிக்கூடச் சமையல்காரி. என் ஜாதி. குடித்துவிட்டு, மிச்சத்தைப் பிள்ளைகளின் சூப்பில் ஊற்றுகிறாள். கடைசியில் பெரிய நகரத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து டெஸ்ஸுக்குத் தலை அலசிவிட்டுக் கவிதை சொல்லிக்கொடுக்கிறார். அந்த டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும், முதலில் என் சூப்பைக் குடிக்கச் சொல்கிறேன்.

முடித்ததும் ட்ரீனா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "அம்மா, முந்நூறு பக்கம். இந்த ஊர்ல ஒருத்தர்கூட ஒரு தடவைகூட சிரிக்கல" என்றாள்.

ஸ்டான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "ஆலை மூடின அன்னிக்கே சிரிச்சோமேடி. மேனேஜர் கண்ணீரோட பேசிட்டிருக்கான், பெர்னி உக்காந்தான், பேண்ட் டர்ருனு கிழிஞ்சுது."

ட்ரீனா இதைத்தான் மைக்கில் சொல்லப்போகிறாளாம். கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறாள். உண்மையைச் சொல்லலாமா, அல்லது நல்லபடியாகச் சொல்லவேண்டுமா? உன் நாற்காலிக்கு இதனால் கால் ஆடுமா? முதலிலேயே சொல்லிவிடு.

வெல்மா


பிரேயர்டன்
15 டிசம்பர் 1996

அன்புள்ள வெல்மா,

சளி போய்விட்டதா? நான் நலம். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. படிக்க வேண்டியவை மலையாக இருக்கின்றன.

உண்மையைச் சொல்வதற்குத்தான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். ட்ரீனா மனதில் பட்டதைச் சொல்லட்டும். மெரெடித்துக்கு அந்தப் புத்தகம் மிகவும் பிடிக்கும் என்பது உண்மைதான். அதனால் என்ன, அவர் பெருந்தன்மையானவர்.

படமெடுக்க ஒப்புதல் என்று ஒரு தாள் வைத்திருக்கிறேன். எல்லாப் பெற்றோரும் கையெழுத்துப் போடுவதுதான். சங்கத்தின் செய்திமடலில் ஒரு மூலையில் சின்னதாக வரும், அவ்வளவே.

உன் வால்நட் ரொட்டி இல்லாத கிறிஸ்துமஸ். எனக்காக ஒரு துண்டு எடுத்துவை.

கார்லீன்


ஸ்லேட் பெண்ட்
2 பிப்ரவரி 1997

அன்புள்ள பூசணி,

பத்திரமாக வீடு வந்தோம். வழியில் பனி. உனக்குத் தொண்டை கட்டியிருந்ததே, பேச்சு வந்துவிட்டதா? அன்று அதற்கு வேலை இருந்தது.

முதலில் உங்கள் ரிப்பன்களைப் பற்றி. கழுத்தில் பேட்ஜ், பேட்ஜுக்குக் கீழே ஒரு ரிப்பன், அதற்குக் கீழே இன்னொன்று, கமிட்டிக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறீர்கள். ஒரு அம்மாளுக்கு முழங்கால் வரை தொங்கியது. எங்கள் ஊர்க் கால்நடைக் கண்காட்சியில் பரிசு வாங்கின பசுவுக்குக்கூட ஒரு ரிப்பன்தான், அதுவும் பாலைக் கறந்து பார்த்த பிறகு.

பிள்ளைகளுக்கு வராந்தாவில் ஆறிப்போன பீட்ஸா. கமிட்டிக்கு உள்ளே துணி விரித்த மேசையில் கோழி. நான் ஓரமாக நின்றேன். ஒரு அம்மாள் என்னிடம் எச்சில் தட்டை நீட்டி, "இதக் கொஞ்சம் எடுத்துட்டுப் போறீங்களா?" என்றார்.

"நான் இங்க வேலை பாக்கலீங்க. அந்தப் பொண்ணோட அம்மா."

"ஓ. உங்க ஷூவைப் பார்த்து..." என்று இழுத்தார்.

தட்டை வாங்கிக்கொண்டேன். அதில் பாதிக் கோழி இருந்தது. நல்ல கோழி, உப்புதான் இல்லை.

உன் மெரெடித் அம்மாள் பிள்ளைகளைப் பார்த்து, "என்ன மச்சீஸ், எல்லாம் செம ஜாலியா?" என்றார். பிள்ளைகள் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் கை கொடுத்தார், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு கை கொடுத்த பிறகும் மேசைக்கு அடியில் ஈரக் காகிதத்தால் விரல் விரலாகத் துடைத்தார். நான் மத்தி மீனைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அப்படித் துடைப்பேன். பார்த்ததும் தின்ற கோழி மேலே வந்தது.

அப்புறம் ட்ரீனா. புத்தகத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் இந்தப் புத்தகத்துல வர்ற மாதிரி ஊர்லதான் இருக்கேன். முந்நூறு பக்கத்துல எங்க ஊர்க்காரங்க ஒருத்தரும் சிரிக்கல. எங்க வீட்ல சிரிக்காம ஒரு வேளை சோறு இறங்காது. இத எழுதினவங்க எங்க ஊருக்கு வந்திருந்தாலும் பஸ்ஸ விட்டு இறங்கியிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மற்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். நீ நாற்காலிமேல் ஏறி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தாய். நெற்றியையும் சேர்த்து எடுடி என்று எதிரில் நின்று சைகை காட்டினேனே, பார்த்தாயா?

"நன்றி. அடுத்தவர்" என்றார் மெரெடித் அம்மாள். ஐஸ் பெட்டியைத் திறந்தது போலிருந்தது.

இதைச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளை வெளியே அனுப்பின பிறகு நான் ட்ரீனாவின் தொப்பியைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தேன். கதவு சாத்தவில்லை. உள்ளே ஒருவர், "அந்தப் பொண்ணு அச்சு அசல் டெஸ் இல்ல? அந்தப் பல்லு, அந்தப் பேச்சு. புத்தகத்துலேர்ந்தே எழுந்து வந்த மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

உன் சிரிப்பு எனக்குத் தெரியும். அது அதில் இல்லை. அதுவரைக்கும் சரி. உன்னுடைய வேறு சத்தமும் அதில் இல்லை.

தொப்பி கிடைக்கவில்லை. பல்லைப் பற்றி ட்ரீனாவிடம் சொல்லவில்லை.

வெல்மா


பிரேயர்டன்
16 மார்ச் 1997

அன்புள்ள வெல்மா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தொண்டை சரியாகிவிட்டது. வேலை கொஞ்சம் அதிகம். ஸ்டான் எப்படி இருக்கிறார்?

பட்டியல் வெளியாகிவிட்டது. 'சாம்பல் ஆற்றின் மகள்' முதலிடத்தில். குழுவின் பெரும்பான்மை முடிவு. ட்ரீனா மிகத் தெளிவாகப் பேசினாள், எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பதக்கக் குழு விஷயமாக மெரெடித் என்னிடம் இரண்டு முறை பேசினார். ஜூன் மாநாட்டில் அறிவிப்பார்கள் போலத் தெரிகிறது.

ட்ரீனாவுக்கு ஒரு தொப்பி அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
கார்லீன்


ஸ்லேட் பெண்ட்
20 ஏப்ரல் 1997

அன்புள்ள பூசணி,

உடம்புக்கெல்லாம் ஒன்றுமில்லை. தொப்பி அளவாக இருக்கிறது. நீயும் நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட லைப்ரரி வாசலில் ஒரு பெரிய போஸ்டர் ஒட்டினார்கள். நான் ரொட்டித் தட்டைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். என் மகள். கன்னத்துக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம், வாய் நிறையச் சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில், "இது எங்கள் கதை. நாங்களே தேர்ந்தெடுத்தோம்." உங்கள் சங்கத்தின் முத்திரை. ஊர் ஊராக எல்லா லைப்ரரிக்கும் போயிருக்கிறதாம்.

யார் எடுத்த படமோ தெரியவில்லை. ட்ரீனாவுக்குப் புருவத்தோடு தலை முடிந்துவிட்டது.

அந்தப் புத்தகத்தை இப்போது எல்லோரும் புரட்டிப் பார்க்கிறார்கள். அதுதானே போஸ்டர் ஒட்டுவது. புதன்கிழமை போஸ்டரில் ஒரு பேன்சீப்பைச் செருகியிருந்தார்கள். வியாழக்கிழமை அவள் லாக்கருக்குள் ரொட்டித் துண்டுகள். பெயரே டெஸ் என்று ஆகிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் ஒருத்தன் என்னிடம், "மிஸஸ் ஹுடாக், இன்னிக்கு சூப்புல எவ்ளோ ஊத்தினீங்க?" என்றான். "உனக்குன்னு தனியா ரெண்டு கரண்டி ஊத்தியிருக்கேன்டா, குடி" என்றேன். எனக்கு வாய் இருக்கிறது. அவளுக்கும் இருந்தது.

லைப்ரரி அம்மாளிடம் எடுக்கச் சொன்னேன். "மேலிடத்துலேர்ந்து வந்தது, நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார். போட்டிருக்கிறேன். மூலையில் சின்னதாக வரும் என்று போட்டேன்.

ட்ரீனா உன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்தாள். மேசையில் உப்பு டப்பா தனியாக நிற்கிறது.

அவள் அந்தப் புத்தகத்தைத் திட்டத்தான் தூக்கிப் பிடித்தாள் என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். நீ ஒருத்தி சொன்னால் போதும். கையைத்தான் நன்றாகத் தூக்குவாயே. இதற்கு ஒரு தடவை தூக்கு.

வெல்மா


ஸ்லேட் பெண்ட்
25 மே 1997

அன்புள்ள கார்லீன்,

பதில் இல்லை. படுத்த படுக்கையாக இருக்கிறாயோ என்று உன் நூலகத்துக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "கார்லீன் நல்லாயிருக்காங்க, கமிட்டி மீட்டிங்ல இருக்காங்க" என்றாள். சந்தோஷம்.

பேன்சீப்பை எடுத்தால் மறுநாள் புதிதாக ஒன்று. இந்த ஊரில் இத்தனை சீப்பு விற்று நான் பார்த்ததில்லை.

வெல்மா


பிரேயர்டன்
8 ஜூன் 1997

அன்புள்ள வெல்மா,

உங்கள் அனைவரின் நலத்தையும் விரும்புகிறேன். நான் நலம்.

நீ எழுதியதை உரிய இடத்தில் தெரிவித்தேன். மெரெடித் மிகவும் வருந்தினார். சுவரொட்டிகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டதால் திரும்பப் பெறுவதில் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. செப்டம்பரில் இரண்டாவது முறை அச்சிடுவதாகவும் திட்டம். ஆனாலும் இதை அப்படியே விட்டுவிடவில்லை. சுவரொட்டி மறுஆய்வுத் துணைக்குழு ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குத் தலைமை ஏற்க நானே முன்வந்திருக்கிறேன். ஜனவரியில் அறிக்கை வைப்போம்.

படத்தை எடுத்தது யார், சுவரொட்டிக்கு அனுப்பியது யார் என்பது பற்றிக் குழுவின் பதிவில் தெளிவாக எதுவும் இல்லை.

மாதக் கடைசியில் மாநாடு. பதக்கக் குழு அறிவிப்பு உறுதியாகிவிட்டது. இது நடக்க வேண்டும் என்று நீயும் வேண்டிக்கொண்டிருந்தாய் என்று தெரியும்.

ட்ரீனாவுக்கு என் அன்பு. பெரியவளானதும் இதையெல்லாம் நினைத்துச் சிரிப்பாள்.

கார்லீன்


ஸ்லேட் பெண்ட்
15 ஜூன் 1997

கார்லீன்,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஒரு துணைக்கமிட்டி போட்டிருக்கிறேன். ஸ்டான் தலைவர். ஜனவரியில் கேட்போம்.

யார் எடுத்த படம் என்று பதிவில் தெளிவில்லையாம். நாற்காலிமேல் ஏறி நின்றது ஒரே ஒருத்தி. எதிரில் நின்று நெற்றி, நெற்றி என்று சைகை காட்டினது நான். உலகத்தில் வேறு யாருக்கும் அப்படித் தலையை வெட்ட வராது. இதை ஏப்ரலிலேயே எழுதியிருப்பேன். நீயாகச் சொல்வாய் என்று இடம் விட்டு வைத்தேன்.

சிரிப்பாள் என்று எழுதியிருக்கிறாய். லீவு விடுவதற்கு முந்தின வாரம் அவள் தடிமனான பேனாவை எடுத்துக்கொண்டு போய், போஸ்டரில் தன் வாய்க்குப் பக்கத்தில் எழுதினாள்: "முந்நூறு பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்." எழுதி முடிப்பதற்குள் பிடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடச் சொத்தைப் பாழாக்கியதற்குத் தண்டனை. தன் மூஞ்சியில் தானே எழுதினதற்கு. லீவு விடும்வரை சாயங்காலம் சாயங்காலம் உட்காரவைத்தார்கள். மறுநாளே புதுப் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். கட்டுக்கட்டாக அனுப்பியிருக்கிறீர்களாமே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எச்சில் தட்டை நீட்டினவர் மேல் எனக்குக் கோபமில்லை. மெரெடித் அம்மாள் எங்களைத் தொட்டுவிட்டுக் கையைத் துடைத்தார், அவருக்கு நாங்கள் யார். எனக்குக் குமட்டுவது அதுவல்ல. நீயும் இந்த வீட்டுச் சோற்றைத் தின்று, எங்களோடு சிரித்து வளர்ந்தவள். நீ எங்களைத் துடைத்துக்கொண்டாய். ஈரக் காகிதம்கூட இல்லாமல்.

ட்ரீனா லைப்ரரியன் ஆகப்போவதில்லையாம். தொப்பியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

வெல்மா


பிரேயர்டன்
2 ஜூலை 1997

வெல்மா,

உடம்பைப் பற்றி எழுதப்போவதில்லை.

நீ எழுதியது சரி. படத்தை நான்தான் எடுத்தேன். மெரெடித் கேட்டார், எதற்கு என்று தெரிந்தும் நான்தான் கொடுத்தேன். "எல்லா இளைஞர்களும் விரும்பும் முகம்" என்றார். ட்ரீனா என்ன பேசினாள் என்று நினைவூட்ட வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் அவர் பதக்கக் குழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மாநாட்டில் உறுப்பினர்கள் பேசும் பொதுக்கூட்டம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் மூன்று நிமிடம் பேசலாம். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் ஹோட்டல் காப்பி தண்ணீராக இருக்கிறது என்று மூன்று நிமிடமும் பேசினார்.

நான் சொன்னேன். அந்தப் பெண் என் அக்கா மகள், அவள் அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, அது பொய் என்று சொல்வதற்காகத்தான் கையில் பிடித்திருந்தாள், அறையில் இருந்த பதினைந்து பேருக்கும் அது தெரியும். ட்ரீனா சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன், பஸ் வரைக்கும். கதவு சாத்தியதாக நினைத்து நாம் சிரித்ததையும் சொன்னேன். நான் சிரிக்கவில்லை என்றாலும் "நாம்" என்றே சொன்னேன்.

மேடையிலிருந்து மெரெடித் புன்னகைத்தார்.

"நன்றி. அடுத்தவர்."

அடுத்தவர் அடுத்த வருட ரிப்பனின் நிறம் பற்றிப் பேசினார். அதற்கு உடனே வாக்கெடுப்பு நடந்தது. ஊதா வென்றது.

பதக்கக் குழுவுக்கு வேறொருவர் பெயரை அன்று மாலையே அறிவித்தார்கள். மெரெடித் வராந்தாவில் என்னிடம் வந்து, "ரொம்பத் துணிச்சல், கார்லீன்" என்று கை கொடுத்துவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தேன். நடந்துகொண்டே கைப்பையிலிருந்து ஈரக் காகிதத்தை எடுத்தார்.

படச்சுருள் என்னுடையது. மெரெடித்திடம் கொடுத்தது ஒரு பிரதி மட்டும்தான், படத்தின் உரிமையைச் சங்கத்துக்குக் கொடுக்கவில்லை, இனி அச்சிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பரில் அவர்கள் அதை அச்சிட முடியாது. ஒட்டியதை எடுக்க என்னால் முடியவில்லை. என் நூலகத்திலிருந்ததை மட்டும் எடுத்தேன். சுருளை இதோடு வைத்திருக்கிறேன். ட்ரீனாவிடம் கொடு. எரித்தாலும் சரி.

கார்லீன்


ஸ்லேட் பெண்ட்
13 ஜூலை 1997

அன்புள்ள பூசணி,

ஸ்டானின் முதுகு இன்னும் அப்படியேதான். கமிட்டி ஜனவரிக்கு முன்பே கூடிவிட்டது, உன் உடம்பு எப்படி என்று கேட்கச் சொல்கிறது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். ட்ரீனா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ரிப்பனுக்கு ஊதா வென்றது என்ற இடத்தில் ஸ்டான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுத முடியாது. ஈரக் காகிதம் வந்தபோது எனக்கு மறுபடியும் அந்தக் கோழி ஞாபகம் வந்தது. அந்த மாதிரி ஜனங்களோடு இத்தனை வருஷம் எப்படியடி உட்கார்ந்தாய்.

ட்ரீனா படச்சுருளை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் நெருப்புப் பெட்டியைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், கேட்டால் கொடுக்கலாம் என்று. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா, சித்தி ஒருத்தரையும் விடல. அந்த மெரெடித்தம்மாவுக்குத் தலையே வரல. வெறும் ரிப்பன் மட்டும் நிக்குது."

ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை. பருப்பு சூப் மூக்கில் ஏறிவிட்டது அவளுக்கு.

அதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தால் அந்தப் போஸ்டர் அங்கேதான் இருக்கும். அவள் உனக்கு ஒரு வரியும் எழுத மாட்டாளாம். ஆனால் நேற்று மழை பெய்தபோது தாழ்வாரத்திலிருந்து ஒரு பெட்டியை உள்ளே கொண்டுவந்தாள். ஒன்றே ஒன்று. "நனைஞ்சா நாறும்" என்றாள்.

ஆகஸ்டில் கண்காட்சி. வா. பசுவுக்கு ரிப்பன் கொடுக்கிறதைப் பார்க்கலாம்.

கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

வெல்மா